படை மருத்துவப் பயிற்சி ஒத்திவைப்பு

அமெரிக்க ராணுவத்தின் உதவித்தொகையில் மருத்துவம் படித்தவர், படைப் பணியில் சேருமுன் பொது (படை சாராத) மருத்துவமனையில் ரெசிடென்சி எனும் சிறப்பு மருத்துவப் பயிற்சியை முடித்துக்கொள்ளப் பெறும் அனுமதி. கட்டாய ஆள்சேர்ப்புக் காலத்தில், 1954இல் தொடங்கிய பெர்ரி திட்டம் இதற்கு முன்னோடி. இறுதியாண்டு மாணவர் முப்படைக் கூட்டுத் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே பொது மருத்துவமனைகளுக்கும் விண்ணப்பித்து வைக்க வேண்டும். குழுவின் முடிவு டிசம்பரில் வரும். பொது மருத்துவமனைகளின் ‘மேட்ச்’ எனும் பயிற்சியிட ஒதுக்கீடு மார்ச்சில். ராணுவ மருத்துவமனைக்கே தேர்வானவர் மேட்ச்சிலிருந்து விலகிவிட வேண்டும். குழுவுக்குத் தரும் விருப்பப் பட்டியலில் ஒத்திவைப்பை முதலில் எழுதினாலும், அந்தந்தத் துறையில் படையின் தேவையே பெரிதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒத்திவைப்பு பெற்றவரின் பயிற்சிக் காலச் சம்பளத்தை அந்தப் பொது மருத்துவமனை தரும். அந்த ஆண்டுகள் உதவித்தொகைக்கு ஈடான சேவைக் கணக்கில் கழியாது.