உழைக்கிற உடம்புக்கு நோய் வராதா?

"உழைக்கிற உடம்புக்கு நோய் நொடி அண்டாது." தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே, தென் பேராக்கில் இருக்கிறது சிலிம் ரிவர். அந்த வட்டாரமெங்கும் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில், விடியும் முன்பே பெரட்டுக்கு நின்று, மேடு பள்ளமான நிரைகளில் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, வாளி வாளியாகச் சுமந்தவர்கள் நம் பாட்டன், பாட்டிமார். அவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஆனால் அந்த உழைப்பு அவர்களை நோயிலிருந்து காத்ததா?

1918ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்போம். உலகையே உலுக்கிய இன்புளுவென்சா காய்ச்சல் மலாயாவையும் விட்டு வைக்கவில்லை. லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழக்கமாக இத்தகைய காய்ச்சல் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் பலி கொள்ளும். அந்த ஆண்டிலோ 20 முதல் 40 வயது வரையிலான, திடகாத்திரமான இளையோரும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஏன் என்று மருத்துவ அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். உடல் வலு ஒன்றே வைரசுக்கு வேலியாகாது என்பது மட்டும் அன்றே தெளிவாகிவிட்டது.

அப்போது அதற்கு மருந்து கிடையாது. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். "படுத்து ஓய்வெடு" என்பதுதான் மருத்துவர்கள் சொல்லக்கூடிய முதல் ஆலோசனை. வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருந்த வாழ்க்கையில் அந்த ஓய்வு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

காய்ச்சலின்போது உடலை வருத்தினால் என்ன ஆகும் என்பதை இன்னொரு வைரஸ் காட்டிக் கொடுத்தது. 1947இல் இங்கிலாந்தில் இளம்பிள்ளைவாதம் பெருமளவில் பரவியது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மருத்துவர் ரிட்சி ரஸ்ஸல் நோயாளிகளை ஆராய்ந்தார். நோயின் தொடக்கத்தில் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, கடுமையாக உழைத்தவர்களுக்கும் விளையாடியவர்களுக்கும் கை கால் முடக்கம் மோசமாக இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். 1970இல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த ஆய்வும் இதையொட்டியே அமைந்தது. காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்தவிட்டபோது, அவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது.

அப்படியானால் உடற்பயிற்சியே கெடுதலா? இல்லவே இல்லை. உடம்பை அசைக்கும்போது, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இரத்த ஓட்டத்தில் கூடுகின்றன. 1901இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்த லாரபி என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் அணுக்களும் இவற்றில் அடங்கும் என்பது பின்னாளில் தெரிய வந்தது. ஊர்க்காவலர் தினமும் ஒரு சுற்று ரோந்து வருவது போன்றது இது.

அளவு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் நீமன் 1987ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்களை விசாரித்தார். ஓடி முடித்தவர்களில் 12.9 விழுக்காட்டினர் அடுத்த வாரத்தில் நோயுற்றதாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களில் 2.2 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். ஓட்டம் மட்டுமே காரணமல்ல, கூட்டமும் தூக்கமின்மையும் பயணமும் காரணமாகலாம் என்று பின்வந்த அறிஞர்கள் மறுப்பதும் உண்டு. அதே நீமன் 1990இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வாரம் ஐந்து நாள், 45 நிமிடம் விறுவிறுப்பாக நடந்த பெண்களுக்குச் சளித் தொல்லை இருந்த நாட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

கோவிட் காலம் இதற்குப் பெரிய சான்று தந்தது. கலிபோர்னியாவில் 48,440 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2021இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து வந்தவர்களோடு ஒப்பிட்டால், உடலை அசைக்காமலே இருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன. இதைத் தடுப்பூசிக்கு மாற்றாக எண்ணிவிடக்கூடாது. தடுப்பூசிக்குத் துணையாகவே கொள்ள வேண்டும்.

சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய், உட்கார்ந்தோ நின்ற இடத்திலோ வேலை பார்க்கிறார்கள். நடை போய்விட்டது, தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம், ஏறத்தாழ 31 விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களிடம் வைரஸ் நோய் கடுமையாவதைக் கோவிட் காலத்தில் கண்ணாரக் கண்டோம்.

பாட்டன் காலத்தில் உழைப்பு மிஞ்சியது, ஓய்வு இல்லை. பேரன் காலத்தில் நடையே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். காய்ச்சல் கண்டால், நடையையும் வேலையையும் நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும். 1918இல் லயத்தில் படுத்தவர்களுக்குக் கிடைக்காத அந்த ஓய்வு, இன்று உழைக்கிற ஒவ்வொருவருக்கும் சம்பளம் குறையாமல் கிடைக்க வேண்டும்.