பேய்த்தேர் முதல் போர் விமானம் வரை

சித்திரை வெயிலில் புதுச்சேரியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கானல் நீர் புதிதல்ல. எதிரே தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கி மின்னும். நெருங்கினால் தள்ளிப்போய் மறுபடி மின்னும். பாலைத்திணை பாடிய சங்கப் புலவர்களுக்கு அது பேய்த்தேர். தம்மபதம் நம் உடம்பையே கானலாகப் பார்க்கச் சொன்னது. தாகத்தோடு ஓடி வருகிறவனை ஏமாற்றும் பாலைவனக் கானல், குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்திலும் உவமையாக வருகிறது.

உவமைகள் இப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, காற்றில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று புதுச்சேரியிலேயே ஒருவர் அளந்தார். அதுவும் தற்செயலாக.

லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் கப்பலேறியது, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க. அவர் வருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. வெள்ளி கடந்த 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டு பொறுத்தார். புதுச்சேரியில் இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். மதராஸிலிருந்து தொலைநோக்கி அனுப்பியவர்கள் அதே ஆங்கிலேயர்கள்தான்! 1769 ஜூன் 4 காலை, மேகம் மூடிவிட்டது.

ஆனாலும் அவர் காத்திருந்த மாதங்கள் வீண் போகவில்லை. தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கு கற்றார். தொடுவானத்தருகே ஒளி வளைவதை அளந்தார். கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் நின்று நாம் பார்க்கும் உதயசூரியன் உண்மையில் இன்னும் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று ஒளியை வளைத்து இரண்டு நிமிடம் முன்னதாகவே காட்டிவிடுகிறது. கானலும் இதே வளைவின் பிள்ளை. சூடேறிய தரையை ஒட்டிய காற்று மெலிந்திருப்பதால், வானத்திலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளி மேல்நோக்கி வளைந்து கண்ணுக்கு வருகிறது. தண்ணீர் என்று நாம் நினைப்பது வானத்தின் ஒரு துண்டு. கேமராவிலும் அது விழும். கானலைப் பொய் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொய் நம் ஊகத்தில் இருக்கிறது.

1798இல் நெப்போலியனின் படை எகிப்துக்குப் போனது. இந்தியாவில் ஆங்கிலேயரை மடக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. தாகத்தில் தவித்த வீரர்களுக்குக் கிராமங்கள் ஏரி நடுவே தீவுகளாகத் தெரிந்தன. உடன் சென்ற கணித மேதை கஸ்பார் மோன்ஜ் அதற்கு விளக்கம் எழுதினார். கானலைக் குறிக்கப் பிரெஞ்சு மாலுமிகள் பேசிவந்த 'மிராஜ்' என்ற சொல் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். லண்டனில் வொல்லாஸ்டன் என்ற அறிவியலாளர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை ஒட்டிப் பார்த்தும், கண்ணாடிப் பாத்திரத்தில் சர்க்கரைப்பாகின் மேல் தண்ணீர் ஊற்றியும் அறைக்குள்ளேயே கானலை வரவழைத்தார்.

1950களில் அந்தச் சொல் வானேறியது: பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் தன் போர் விமானத்துக்கு 'மிராஜ்' என்று பெயர் வைத்தது. கண்ணில் படும், கையில் சிக்காது என்பது எண்ணம். ஆனால் நகலெடுப்பவர்கள் கையில் சிக்கியது. 1967இல் பிரான்ஸ் ஆயுதத் தடை விதித்ததும், இஸ்ரேல் மிராஜ் 5ஐப் பார்த்து 'நெஷெர்' செய்துகொண்டது. மிராஜ் இயந்திரத்தின் வரைபடங்களைக் கடத்திக் கொடுத்த சுவிஸ் பொறியாளர் ஒருவர் சிறை சென்றார். இந்தியா மிராஜ் 2000ஐ விலை கொடுத்தே வாங்கியது. 1985இல் வந்து இறங்கிய அவற்றுக்கு விமானப்படை கானலின் பெயரை விட்டுவிட்டு, இந்திரனின் ஆயுதத்தின் பெயரைச் சூட்டியது: வஜ்ரா.