ஸ்கேல் கோடும் செகெட் மிளகாயும்

உடலியங்கியல் நடத்திய காலத்தில் முதல் வகுப்பிலேயே ஒரு வித்தை காட்டுவேன். ஒரு பையனைக் கூப்பிட்டு, முன்கையின் உட்புறத்தில் ஸ்கேல் முனையை அழுத்தி ஒரு கோடு இழுப்பேன். கோடு சிவக்கும். அரை நிமிஷத்தில் அதைச் சுற்றிலும் செம்மை படரும். அப்புறம் கோடு மட்டும் தடித்து எழும்பும். "கீறாத இடம் ஏன் சார் சிவக்குது?" என்று எவனாவது கேட்டே தீருவான். அதற்காகத்தான் வித்தையே.

லண்டனில் தாமஸ் லூயிஸ் 1927இல் இந்த மூன்று கட்டங்களையும் புத்தகமாக எழுதினார். உணர்வு நரம்பு அறுந்து பட்டுப்போன தோலில் அந்தப் படரும் செம்மை மட்டும் வராது. 1901இலேயே பெய்லிஸ், நாயின் தண்டுவடப் பின்வேரைத் தூண்டி, பின்னங்கால் ரத்தக்குழாய்கள் விரிவதைக் காட்டியிருந்தார். வலிச் செய்தியை உள்ளே கொண்டுபோக வேண்டிய நரம்புக்கு வெளியே என்ன வேலை?

விடைக்கு வழி திறந்தது மிளகாய். ஹங்கேரியில் மிளகாய்த்தூளுக்குப் பேர்போன ஊர் செகெட். அங்கே மிக்லோஷ் யாஞ்சோ, மிளகாயின் காரச்சத்தான காப்சைசினை எலிகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். பிறகு கண்ணில் காரம் விட்டாலும் அவை துடைத்துக்கொள்ளவில்லை. அது மரத்துப்போனதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் கடுகின் காரத்தைத் தடவினாலும் தோல் வீங்கவில்லை! எரிச்சலோடு வீக்கமும் போயிருந்தது.

அடுத்த சோதனையைத்தான் நான் கரும்பலகையில் ஆசையாக வரைவேன். எலியின் ரத்தத்தில் ஈவான்ஸ் நீலச் சாயத்தை ஏற்றி, கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது. குழாய்கள் கசிந்து, அந்த நரம்பு போகும் தோல் மட்டும் நீலமாகும். காப்சைசின் முன்பே ஏறிய எலியில் ஆகாது. கட்டுரை 1967இல் வந்தது. யாஞ்சோ அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். உடன் எழுதியவர்கள் அவுரெலியா யாஞ்சோ-காபோரும் யானோஷ் சொல்சானியும்.

ஆக, தூண்டப்பட்ட நரம்பு முனை தோலில் எதையோ கக்குகிறது. அது என்ன? ஒன்று, பழைய சரக்கு. 1931இல் ஃபான் ஆய்லரும் கேடமும் குதிரையின் குடலிலும் மூளையிலும் கண்டெடுத்த 'பி' பொருள். பவுடராக எடுத்ததால் 'பி'. இவ்வளவு அலட்சியமாக வேறு எதற்கும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 11 அமினோ அமிலங்களின் சங்கிலி அது என்று தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. குழாயைக் கசியவிடுவது அது. குழாயை விரியவிடுவது இன்னொன்று, சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடு; அதன் வீரியம் 1985இல் தெரிந்தது.

சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஒற்றைத் தலைவலி ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2018இல். நான் ஓய்வுபெற்ற பிறகு. வகுப்பில் சொல்ல வாய்க்கவில்லை.