குறிஞ்சிப்பாடியில் இருந்தபடியே ஜெர்மன் படிக்கலாம்... எதுவரைக்கும்?

நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஜெர்மனி ரொம்பத் தூரத்து ஊர் கிடையாது. 1957-ல் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண்ணை வாரிக் கொட்டிய ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் அங்கிருந்து வந்தவைதான். 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையத்துக்கு சோவியத் யூனியன் கைகொடுத்தது. மெஷின் வந்தது; மெஷினோட மொழி மட்டும் ஊருக்குள்ளே வரவில்லை.

இப்போது கதை திரும்பியிருக்கிறது. நர்சிங் முடித்தவர்கள், டிப்ளமோ, ஐ.டி.ஐ முடித்தவர்கள் எனப் பலரும் ஜெர்மனி வேலையைக் குறிவைக்கிறார்கள். டிகிரி, அனுபவம் எல்லாம் இருந்தும் கையைக் கட்டிப்போடுவது மொழிதான். ஜெர்மனியில் முழு அங்கீகாரத்தோடு செவிலியராக வேலை பார்க்க, பொதுவாக பி2 நிலை வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். கணவரோ மனைவியோ அங்கே இருந்து, துணையாகப் போக விசா கேட்டால்கூட பொதுவாக ஏ1 சான்றிதழ் வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விலக்கு உண்டு.

கோதே இன்ஸ்டிட்யூட் இருப்பது சென்னை நுங்கம்பாக்கத்தில். குறிஞ்சிப்பாடியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அங்கே ரூம் எடுத்துத் தங்கி, வேலையை விட்டுப் படிக்க எல்லோராலும் முடியுமா? முடியாதவர்கள் கையில் இருப்பது செல்போன். 'செல்போனை வெச்சே ஒரு மொழியைக் கத்துக்க முடியுமா' என்று கேட்டால், முடியும். ஆனால், ஓர் எல்லை வரைக்கும். அந்த எல்லை எது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பணமும் மிச்சம், வருஷமும் மிச்சம்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

ஐரோப்பாவில் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1, ஏ2 ஆரம்பம். பி1, பி2 நடுநிலை. சி1, சி2 உயர்நிலை. பி2-வை எட்ட சுமார் 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும் என்பது கோதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு. ஒரு பாடவேளை என்றால் 45 நிமிடம். அதாவது, தினம் 45 நிமிடம் படித்தால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று எனப் படித்தால் ஒரு வருஷம் சொச்சம்.

'மூணே மாசத்துல பி2' என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதத்தில் முடிக்க தினமும் ஏழு, எட்டு பாடவேளை படிக்க வேண்டும். வேறு வேலையே இல்லாதவருக்கு வேண்டுமானால் சாத்தியம். என்.எல்.சி-யில் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கோ, ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்ப்பவருக்கோ நடக்காது.

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் வந்த ஒருவர்

இதே கடலோரத்தில் தெற்கே இருக்கும் தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று ஒரு ஜெர்மன் இளைஞர் வந்து இறங்கினார். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவருக்கு என்று பாடப்புத்தகமும் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் ஆனா ஆவன்னா பழகினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார்; வாசிக்கும்போது எதிர்ப்பட்ட சொற்களை எல்லாம் குறித்துவைத்தார். இரண்டே வருஷங்களில் அவர் சேர்த்த சொல் பட்டியல் சுமார் 20,000-ஐத் தொட்டது என்கிறார்கள். அவருடைய தமிழ் புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சாகியும் வந்துவிட்டது.

அவர் மதம் பரப்ப வந்தவர், அது வேறு விஷயம். அவர் படித்த விதத்தைப் பாருங்கள். எழுத்தைக் கையால் பழகியது, சொல்லை வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்தது, தினமும் தமிழ் பேசுபவர்களோடு பேசியது. இன்றைய ஆப்கள் முதல் இரண்டைப் பிரமாதமாகச் செய்துகொடுக்கும். மூன்றாவதுதான் இடிக்கும்.

எந்த ஆப்பில் ஆரம்பிப்பது?

பெரும்பாலானவர்கள் டுவோலிங்கோவில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2012-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஆப் அது. விளையாட்டு மாதிரி இருக்கும், பயம் போகும், முதல் இரண்டு மாதத்துக்கு நல்லது. அதற்கு மேல் ஒரு சிக்கல் வரும். 'தொடர்ந்து 200 நாள்' என்று காட்டும் அந்த நெருப்புப் படத்தைக் காப்பாற்றவே ராத்திரி 11:55-க்கு ரெண்டு நிமிஷம் தட்டிவிட்டுத் தூங்குவோம். அது படிப்பில் சேராது. இன்னொன்று, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் 'டுவோலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட்' வேறு. இந்த ஆப்பில் ஜெர்மன் படிப்பது வேறு. ஆப்பில் கிடைக்கும் ஜெர்மன் மதிப்பெண்ணைக் காட்டி விசா வாங்க முடியாது.

என்னைக் கேட்டால், முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டியது 'நிகோஸ் வேக்'. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல தயாரித்த பாடத்தொடர் இது, முழுக்க இலவசம். ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கும் நிகோ என்ற பையன் ஏர்போர்ட்டிலேயே பையைத் தொலைத்துவிட்டு, தெரியாத மொழியில் தவிப்பதிலிருந்து கதை தொடங்கும். ஏ1-லிருந்து பி1 வரை குட்டிக் குட்டி வீடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் பயிற்சி. சீரியல் பார்க்கிற ஊர்தானே நம்முடையது, பழகிவிடும்.

இதே நிறுவனம் வானொலிக் காலத்திலேயே 'டாய்ச் வாரும் நிஹ்ட்' என்ற ஒலிப்பாடத்தை கோதே இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து நடத்தியது. டேட்டா கம்மியாக இருக்கிறவர்கள் ஒலிப்பாடங்களை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம். கடலூர் - விருத்தாசலம் பாசஞ்சரில் போகும்போது காதில் மாட்டிக்கொள்ள வசதி.

பி1-க்கு மேலே போனதும் அதே தளத்தில், மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள் இருக்கின்றன. ஒலியும் எழுத்தும் சேர்ந்தே வரும். யூடியூபில் 'ஈஸி ஜெர்மன்' சேனல் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேட்டி எடுக்கும். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் கீழே எழுத்து ஓடும். பாடத்தில் கேட்கிற ஜெர்மன் வேறு, பஸ் ஸ்டாப்பில் பேசுகிற ஜெர்மன் வேறு என்பது அங்கேதான் புரியும்.

தமிழை ஓரங்கட்டாதீர்கள்

இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரிய ஆப்களும் சேனல்களும் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கின்றன. ஆங்கிலத்தில் தடுமாறும் ஒருவர் அங்கேயே பாதி சோர்ந்துவிடுவார். உண்மையில், பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் ஜெர்மனுக்கு நல்ல பாலம்.

'மிர் இஸ்ட் கால்ட்' என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' என்பார்கள். அப்படியே ஜெர்மனில் மாற்றினால் தப்பு. ஏனென்றால் 'மிர்' என்றால் 'நான்' இல்லை, 'எனக்கு'. நாமும் 'எனக்குக் குளிருது' என்றுதானே சொல்கிறோம்! 'மிர் கெஃபெல்ட் டாஸ்' என்றால் 'எனக்கு அது பிடிச்சிருக்கு'. அச்சு அசல் நம்ம வாக்கியம்.

ஜெர்மன் வகுப்பில் எல்லோரையும் மிரட்டுவது நான்கு 'கேஸ்'. பள்ளிக்கூடத்தில் நாம் எட்டு வேற்றுமை படித்துவிட்டு வந்தவர்கள். நோமினாட்டிவ் என்பது எழுவாய். அக்குஸாட்டிவ் நம்ம 'ஐ' உருபு. டாட்டிவ் பெரும்பாலும் 'கு' உருபு. கெனிட்டிவ் என்பது 'உடைய'. எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடாது. சில முன்னிடைச் சொற்கள் தமக்கென ஒரு வேற்றுமையைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்யணும். ஆனாலும், 'எதுக்கு இது மாறுது' என்ற கேள்வியே நமக்கு வராது.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'ஏனென்றால்' என்று ஆரம்பிக்கும் துணை வாக்கியங்களில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது தலைகீழ். நமக்கு வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. அப்புறம், நீ-க்கு 'டு', நீங்க-வுக்கு 'ஸீ'. ஆங்கிலத்தில் தொலைந்துபோன இந்த மரியாதை ஜெர்மனில் பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வயதான நோயாளியை 'டு' போட்டுப் பேசினால் முகம் சுளிப்பார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கஷ்டம் எங்கே என்றால், பால் பாகுபாட்டில். தமிழில் உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி ஒன்றன்பால். சின்னப் பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷன்' கூட ஒன்றன்பால்தான்! லாஜிக் தேடாதீர்கள். சொல்லைத் தனியாக எழுதவே எழுதாமல் டேர், டி, டாஸ் மூன்றில் எது சேருமோ அதோடு சேர்த்தே எழுதுங்கள். மூன்றுக்கும் மூன்று கலர் பேனா வைத்துக்கொண்டால் கண்ணிலேயே பதியும்.

ஈழத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் பல வருஷங்களாக ஜெர்மனியில் வாழ்கிறார்கள். யூடியூபில் 'தமிழில் ஜெர்மன்' என்று தேடினால் தமிழிலேயே இலக்கணம் சொல்லித்தரும் சேனல்கள் வரிசையாக வரும். தரம் முன்னே பின்னே இருக்கும். ஒரே பாடத்தை இரண்டு சேனலில் பார்த்துவிட்டு, உங்களுக்குப் புரிகிற ஒன்றோடு நில்லுங்கள். தினம் ஒரு சேனல் மாற்றினால் வாழ்நாள் முழுக்க ஏ1-தான்.

மறப்பதற்கு ஒரு மருந்து

கோதே தேர்வுக்கான சொல் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏ1-க்கு சுமார் 650 சொற்கள், ஏ2-க்கு சுமார் 1,300, பி1-க்கு சுமார் 2,400. தினம் பத்து சொல் என்றால் 2,400 சொல்லுக்கு 240 நாள். கணக்கு சுலபம், ஞாபகம்தான் கஷ்டம்.

1885-ல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து எழுதினார். முதல் ஒரு நாளிலேயே பெரும்பகுதி போய்விடும்; மறக்கப்போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதிக நாள் நிற்கும். இதை ஆப் ஆக்கியதுதான் 'ஆங்கி'. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. தெரிந்த சொல்லைத் தள்ளிப்போட்டு, தடுமாறும் சொல்லை அடிக்கடி முன்னே கொண்டுவரும்.

மற்றவர் செய்த அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, நீங்களே செய்யுங்கள். அட்டையின் ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறு பக்கம் ஜெர்மன் வாக்கியம். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். பார்த்ததும் 'ஆங், தெரியும்' என்று திருப்பிவிட்டால் தேர்வு மேசையில் அது வராது.

வாய் திறப்பது எப்படி?

குறிஞ்சிப்பாடியில் ஜெர்மன் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். ஆப்புக்கு முன்னால் மௌனமாக ஒரு வருஷம் படித்தவர், தேர்வில் பேசும் பகுதியில் உறைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

முதல் வழி, நிழல் மாதிரி கூடவே பேசுவது. வீடியோவில் ஒருவர் பேசப் பேச, அரை விநாடி தாமதத்தில் நீங்களும் அதே ராகத்தில் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தறி ஓடும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது, யாருக்கும் கேட்காது. உமலவுட் ஒலிகளை இப்படித்தான் பிடிக்க முடியும். 'இ' சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'உ'-வுக்குக் குவித்தால் வருவதுதான் இரட்டைப்புள்ளி யூ.

இரண்டாவது, டாண்டம், ஹலோடாக் போன்ற மொழிப் பரிமாற்ற ஆப்கள். அவர்கள் உங்களுக்கு ஜெர்மன் திருத்துவார்கள், நீங்கள் அவர்களுக்கு உங்கள் மொழியோ ஆங்கிலமோ. பெண்கள் ஆரம்பத்தில் குரல் பதிவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. போன் நம்பரும் வீட்டு விலாசமும் யாருக்கும் வேண்டாம். பேச்சு வேறு பக்கம் திரும்பினால் பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

மூன்றாவது, சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி ஏஐ கருவிகள். 'நீ வார்டு ஹெட் நர்ஸ், நான் புதுசா சேர்ந்திருக்கேன், ஷிஃப்ட் ஒப்படைப்பு பேசலாம். நான் தப்பா சொன்னா தமிழ்ல காரணம் சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். அலுக்காமல் பேசும், கேலி செய்யாது. ஆனால், தமிழில் இலக்கண விளக்கம் சொல்லும்போது சில சமயம் தப்பையும் தைரியமாகச் சொல்லும். சந்தேகம் வந்தால் அகராதியிலோ பாடப்புத்தகத்திலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும், பி1 படிக்க ஆரம்பிக்கும்போது ஒரு மனித ஆசிரியர் வேண்டும் என்பது என் கருத்து. முழு கோர்ஸ்கூட வேண்டாம். வாரத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, நீங்கள் எழுதிய கடிதத்தைத் திருத்தவும் பேச்சைக் கேட்கவும். ஏ1, ஏ2-ஐ வீட்டிலேயே முடித்துவிட்டால் மிச்சமாகும் பணத்தை இங்கே செலவு செய்யலாம். கூடவே அதே தேர்வுக்குப் படிக்கும் தோழி ஒருத்தி வடலூரிலோ டவுன்ஷிப்பிலோ இருந்தால் தினம் ராத்திரி பத்து நிமிஷம் ஜெர்மனில் போன் பேசுங்கள். பி2 தேர்வின் பேசும் பகுதியில் சின்ன உரையும், எதிரில் இருப்பவரோடு விவாதமும் இருக்கும். ஒத்திகைக்கு எதிராளி கட்டாயம் வேண்டும்.

சான்றிதழ் வாங்கும்போது

ஆப் தரும் சான்றிதழோ, தெருமுனை இன்ஸ்டிட்யூட் அச்சடித்துத் தரும் சான்றிதழோ தூதரகத்தில் எடுபடாது. கோதே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் தேர்வுதான் செல்லும். 'தேர்வே எழுத வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எந்த அமைப்பின் சான்றிதழ் உங்கள் வேலைக்குச் செல்லும் என்பதை, பணம் கட்டும் முன் வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோதே பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். ஒரு பகுதியில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், நான்கையும் எழுத வேண்டியதில்லை. மாதிரி வினாத்தாள்களும் ஒலிப்பதிவுகளும் கோதே தளத்தில் இலவசம். தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், மாதிரித் தாளில் நான்கு பகுதியிலும் 70-ஐத் தாண்ட ஆரம்பித்த வாரமே தேதியைப் பிடித்துவிடுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முன்கூட்டியே சொல்லிவைக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.