தீர்ப்புக்காக நீதிபதியை நீக்கலாமா? அமெரிக்கப் பதவிநீக்க விசாரணைகளின் வரலாறு

அமெரிக்காவில் பதவிநீக்க விசாரணை என்றதும் ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், டொனால்ட் டிரம்ப் ஆகிய அதிபர்களே நினைவுக்கு வருகிறார்கள். மூவருமே செனட் சபையில் தப்பியவர்கள். 2024 வரை பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய 21 பேரில் 15 பேர் கூட்டாட்சி நீதிபதிகள். செனட் குற்றவாளி என்று முடிவுசெய்த எட்டுப் பேருமே நீதிபதிகள்தாம். நீதித் துறையை நோக்கி இவ்வளவு அடிக்கடி நீண்ட இந்தக் கை, நீதிபதிகளின் தீர்ப்புகளைத் தொடாமல் நின்றது எப்படி? அதற்கான விடை 1804, 1805 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது.

இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1376இலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அரசரின் ஆட்களை இவ்வாறு விசாரித்திருக்கிறது. 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது லண்டனில் இதே நடவடிக்கை தொடங்கியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய ஜார்ஜ் மேசன், தேசத்துரோகமும் லஞ்சமும் மட்டும் போதாது, சீர்கெட்ட நிர்வாகத்தையும் சேர்க்க வேண்டும் என்றார். அவ்வளவு தெளிவற்ற சொல்லை வைத்தால் அதிபர் செனட்டின் தயவில்தான் பதவியில் இருக்க முடியும் என்று ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். மேசன் தம் சொல்லை விட்டுவிட்டு, 'பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்' என்ற பழைய ஆங்கிலச் சட்டத் தொடரை முன்வைத்தார். அதன் பொருளை யாரும் வரையறுக்கவில்லை. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம்சாட்டலாம். செனட்டில் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் பதவி போகும். மறுபடி பதவி வகிக்கத் தடையும் விதிக்கலாம். சட்டம் சொன்னது இவ்வளவே.

அதிபருக்கு நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. அமைச்சரை அதிபரே விலக்கிவிடலாம். நன்னடத்தை உள்ளவரை பதவி என்ற உறுதி பெற்ற நீதிபதியை வெளியேற்ற நாடாளுமன்றத்துக்கு வேறு வழியே இல்லை. 1800 தேர்தலில் தோற்ற கூட்டாட்சிக் கட்சி, போகும்முன் நீதிமன்றங்களைத் தன் ஆட்களால் நிரப்பிவிட்டுப் போனது. அதனால் புதிய அதிபர் தாமஸ் ஜெபர்சனின் கட்சியினர் கண்ணில் பட்டது இந்த ஒற்றை வழி.

முதலில் சிக்கியவர் நியூ ஹாம்ப்ஷயரின் மாவட்ட நீதிபதி ஜான் பிக்கரிங். எலைசா என்ற கப்பல் வழக்கில் குடிபோதையில் இருக்கையேறி, அரசுத் தரப்புச் சாட்சிகளைக் கேட்காமலே கப்பலை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தந்தைக்குச் சித்தம் கலங்கி இரண்டாண்டுக்கு மேலாகிறது என்று மகன் செனட்டுக்கு எழுதினார். சித்தம் கலங்கியவர் குற்றம் செய்தவராவது எப்படி? 1804 மார்ச் 12 அன்று 19க்கு 7 என்ற வாக்கில் செனட் அவரைக் குற்றவாளி என்று முடிவுசெய்தபோது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நடந்தது பெருங்குற்றமா என்று வாக்கெடுப்பில் கேட்கவுமில்லை. அவர் இருக்கையில் நீடித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆயினும் நோயாளி ஒருவரைக் குற்றவாளி என்று பதிவுசெய்து அனுப்பியது இந்த வரலாற்றின் மிகப் பெரிய அநீதிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

அதே நாளில் பிரதிநிதிகள் சபை உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ்மீது தீர்மானம் நிறைவேற்றியது. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். அதேவேளை வெளிப்படையான கட்சிக்காரர். 1800இல் ஜான் பிரைஸ், ஜேம்ஸ் காலண்டர் ஆகியோரின் வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்ட அவர்களின் வழக்கறிஞர்களை அடக்கினார் என்றும், 1803இல் பால்டிமோரில் பெருநடுவர் குழுமுன் ஆட்சியைத் தாக்கிப் பேசினார் என்றும் எட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1805 பிப்ரவரியில் விசாரணைக்குத் தலைமை வகித்தவர் துணை அதிபர் ஆரன் பர். அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றதற்காக அவர்மீதே கொலைக் குற்றச்சாட்டு இருந்தது. ஆனால் விசாரணையை அவர் ஒழுங்காகவே நடத்தினார்.

34 செனட்டர்களில் ஜெபர்சன் கட்சியினர் 25 பேர். தண்டிக்க 23 பேர் போதும். மார்ச் 1 அன்று பால்டிமோர் பேச்சு பற்றிய எட்டாம் குற்றச்சாட்டுக்குத்தான் அதிக வாக்குகள், அதுவும் 19. ஆளும் கட்சியினர் ஆறு பேர் தம் கட்சியோடு நிற்கவில்லை. சேஸின் நடத்தையை அவர்கள் மெச்சியிருக்க வேண்டியதில்லை. தவறான தீர்ப்பும் கடுஞ்சொல்லும் பதவியைப் பறிக்கும் குற்றமாகா என்பதே அந்த வாக்குகளிலிருந்து பின்வந்தோர் எடுத்துக்கொண்ட பொருள். சேஸ் 1811இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

பின்வந்த தண்டனைகள் இந்த எல்லையைத் தாண்டவில்லை. வெஸ்ட் ஹம்ப்ரிஸ் 1862இல் பிரிவினைத் தரப்போடு சேர்ந்ததற்காக நீக்கப்பட்டார். ராபர்ட் ஆர்ச்பால்டு 1913இல் வழக்காடிகளோடு தொழில் உறவு வைத்ததற்காக. 1936இல் ஹால்ஸ்டெட் ரிட்டர்மீது ஆறு தனிக் குற்றச்சாட்டுகள் தோற்றன. எல்லாம் சேர்ந்து நீதிமன்றத்துக்கு இழுக்கு என்ற ஏழாவது 56க்கு 28 என்று, ஒரு வாக்கும் மிஞ்சாமல், வென்றது. வரி ஏய்ப்புக்காகச் சிறையில் இருந்துகொண்டே சம்பளம் பெற்றுவந்த ஹாரி கிளைபோர்ன் 1986இல் நீக்கப்பட்டார். 1989இல் நீக்கப்பட்ட ஆல்சி ஹேஸ்டிங்ஸுக்கு மறுபடி பதவி வகிக்கத் தடை விதிக்கப்படவில்லை. தம்மைக் குற்றம்சாட்டிய பிரதிநிதிகள் சபைக்கே அவர் 1992இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடைசியாக 2010இல் நீக்கப்பட்டவர் தாமஸ் போர்ட்டியஸ்.

கிளைபோர்ன் விசாரணையிலிருந்து சாட்சிகளைக் கேட்கும் வேலையை செனட் ஒரு குழுவிடம் விட்டது. 1989இல் பொய்ச் சாட்சிக்காக நீக்கப்பட்ட வால்டர் நிக்சன் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். செனட்டின் விசாரணை முறையை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய முடியாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 மார்ச்சில், நாடுகடத்தல் விமானங்களை நிறுத்த உத்தரவிட்ட நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க்கைப் பதவி நீக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கோரினார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்வதே வழி, பதவிநீக்கம் அல்ல என்பது இரண்டு நூற்றாண்டுக்கு மேலான வழக்கம் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அன்றே அறிக்கை விட்டார். அவர் சொன்ன வழக்கம் சேஸ் விசாரணையோடு தொடங்கியது. அது எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்படவில்லை; 1993க்குப் பிறகு அதைக் காக்கச் சொல்லி எந்த நீதிமன்றத்தையும் நாட முடியாது. நாளை ஒரு செனட் அதை மீறத் துணிந்தால், தடுக்கக்கூடியவர்கள் 1805இல் போலவே தம் கட்சியை விட்டு விலகி வாக்களிக்கும் சில உறுப்பினர்கள் மட்டுமே.