தாம்பரம் 1938: விசுவாசமும் நற்கிரியைகளும்

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசத்தைப் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியோடு இணைத்தே நாம் பெரும்பாலும் சிந்திக்கிறோம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் குரலெழுப்பிய மார்ட்டின் லுத்தர், மனிதன் தன் கிரியைகளை விலையாகக் கொடுத்துக் கடவுளின் தயவைப் பெற இயலாதென்று போதித்தார். அதே உபதேசம் நம் நாட்டில் வேறொரு கோணத்தினின்று சோதிக்கப்பட்டது. அச்சோதனை நிகழ்ந்த களங்களுள் ஒன்று, சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம்.

1938 டிசம்பரில் பன்னாட்டு அருட்பணி மன்றத்தின் உலக மாநாடு தாம்பரத்தில் கூடியது. இடம், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னர் கல்லூரியாக வளர்ந்து, ஒரு நூற்றாண்டுக்குப்பின் 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தில் குடியேறியது. மாநாடு ஆராயவிருந்த வினா அக்கல்லூரியின் வரலாற்றிலேயே பொதிந்திருந்தது எனலாம். 1862இல் இந்தியாவுக்கு வந்து 1907வரை பணியாற்றிய வில்லியம் மில்லர், கல்விப்பணியின் உடனடி நோக்கம் மாணவரை மதம் மாற்றுவதன்று எனவும், புளித்தமா போலக் கிறிஸ்தவ சிந்தனை சமுதாயத்தில் பரவ வேண்டும் எனவும் கருதினார். ஞானஸ்நானங்களைக் காணாத கல்விப்பணியால் பயன் என்ன என்று அருட்பணித் தலைவர் சிலர் வினவினர். கல்வி ஒரு நற்கிரியை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது எதன்பொருட்டுச் செய்யப்படும் கிரியை என்பதே வினா.

இதே கல்லூரியில் பயின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் இவ்வினாவை ஆழப்படுத்தினார். மேனாட்டு அருட்பணியாளரின் தியாகத்தையும் ஈகையையும் நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், அவற்றோடு அன்பையும் நட்பையும் வேண்டினார். 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் அளவுகோல் அருட்பணியின் கொடைகள்மீதே வைக்கப்பட்டது. பெறுபவனைச் சமமான சகோதரனாக ஏற்காத கொடை, எத்துணைப் பெரிதாயினும் குறையுடையதே.

அதன்பின் இருபுறமிருந்தும் வாதங்கள் எழுந்தன. 1932இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹாக்கிங் தலைமையிலான குழு, கல்வி, மருத்துவம் முதலிய தொண்டுகளை நேரடி நற்செய்திப்பணியின் பொறுப்பினின்று விடுவிக்கப் பரிந்துரைத்தது. மதமாற்ற நோக்கோடு செய்யப்படும் தொண்டு தூய தொண்டாகாது என்று காந்தியடிகள் இடைவிடாது எடுத்துரைத்தார். மறுபுறம், தாம்பர மாநாட்டுக்கென நூல் எழுதிய ஹெண்ட்ரிக் கிரேமர், அருட்பணியின் அடிப்படை அதனால் விளையும் சமூகப் பயனன்று, கிறிஸ்துவில் கடவுள் செய்த செயலே என்று வலியுறுத்தினார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டில் தனி நூலொன்று வெளியிட்டு அவருக்கு மறுமொழி கூறினர். கிறிஸ்துவில் தோன்றும் புதிய சிருஷ்டியையே நற்செய்தியின் மையமாகக் கண்டார் செஞ்சையா. சக்கரையோ தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் விளங்கியவர்.

ஜான் மாட் தலைமையில் கூடிய மாநாட்டில், சுமார் எழுபது நாடுகளினின்று ஏறத்தாழ 470 பேர் பங்குபெற்றனர். கோபே நகரின் சேரியில் ஏழைகளோடு வாழ்ந்த ஜப்பானியர் ககாவா அவர்களுள் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதுலி மற்றொருவர். இவர், இனஒதுக்கலை எதிர்த்த காங்கிரஸை விட்டு விலக மறுத்தமையால் 1952இல் தம் குலத்தலைவர் பதவியை இழந்தார். 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார். இவ்விருவரின் விசுவாசத்தையும் கிரியைகளையும் பிரித்துக் காட்ட எவரால் இயலும்?

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கிரியைகளைக் கெடுக்கும் தவறுகள் இரண்டு. கிரியைகளைக் கொண்டு கடவுளை விலைக்கு வாங்க முயல்வது முதலாவது. லுத்தர் கண்டித்தது இதனையே. கிரியைகளைக் கொண்டு மனிதனை விலைக்கு வாங்க முயல்வது இரண்டாவது. சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர் என்ற ஏளனம் எழுந்தது இதனாலேயே. முதலாவதை மறுக்கும் நாம் இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளல் தகாது. இரண்டிலும் கிரியை ஒரு பேரமாகிவிடுகிறது. எபேசியர் 2ஆம் அதிகாரமோ, இரட்சிப்பு கிரியைகளால் உண்டானதன்று என்று கூறிய உடனேயே, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிருபையை இலவசமாகப் பெற்றவன் இலவசமாகவே கொடுக்கிறான். யாக்கோபு கடிந்துகொள்வதும், பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடும் விசுவாசத்தையே.

பிரிந்து நின்ற சபைகளும் இன்று இதில் நெருங்கி வந்துள்ளன. 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துள்ள மெதடிஸ்டு, சீர்திருத்த மரபுகளின் உலக அமைப்புகள் முறையே 2006, 2017ஆம் ஆண்டுகளில் அதற்கு இசைவளித்தன.

எனினும், அறிக்கையில் கிட்டிய ஒருமைப்பாடு நம் நிறுவனங்களின் வாசலில் சோதிக்கப்பட்டாக வேண்டும். பள்ளிச் சேர்க்கையிலும், மருத்துவமனைக் கட்டணத்திலும், பணி நியமனத்திலும் நாம் பேரம் பேசுவோமாயின், பிரசங்க பீடத்தில் கிருபையைப் பிரசங்கிக்கும் நம் வாயை நம் கிரியைகளே அடைத்துவிடும். தாம்பரம் எழுப்பிய வினா, ஒவ்வொரு சபைக் குழுவின் மேசைமீதும் இன்றும் இருக்கிறது.