நாழி அரிசியும் ஏழு வயிறும்



விதை, உரம், பூச்சி மருந்து என்றே இதுவரை உங்களிடம் பேசிப் பழகிய நான், இன்றைக்கு அடுப்படிக்குள் நுழையப் போகிறேன். “விளைய வைக்கிறதோட உன் வேலை முடிஞ்சுது, உலையில போடுறது எங்க வேலை” என்று தாய்மார்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. போன மாதம் ஒரு கிராமக் கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து, “சார், மளிகைக் கடைச் சிட்டையைப் பார்த்தா வயித்தைக் கலக்குது. பருப்பை எண்ணி எண்ணித்தான் போட வேண்டியிருக்கு. நாலு பேருக்கு வாங்கினதை ஆறு பேருக்கு ஆக்குறது எப்படின்னு சொல்லுங்க” என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் என் ஆச்சி நினைவுக்கு வந்தாள். இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்து கொண்டவள் அல்ல அவள். சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்து கொண்டவள்.

ஆச்சிக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்த கதை இது. அப்போது எங்கள் கல்குளம் தாலுகா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நாங்கள் தமிழகத்தோடு சேர்ந்தோம். நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது உண்மைதான். ஆனால் சமஸ்தானம் முழுவதையும் எடுத்துக் கொண்டால் தென்னையும் ரப்பரும் தேயிலையும்தான் மிகுதி. சோற்றுக்குக் கப்பலை நம்பித்தான் இருந்தார்கள். அரிசி பர்மாவிலிருந்து வந்தது. அங்கே ஐராவதி ஆற்றுப் படுகையில் விளைந்த நெல்லைத்தான் சென்னை மாகாணத்திலும் பல லட்சம் பேர் உண்டார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது. மறு வருஷம், 1943-ல், வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். நம் பக்கத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ரேஷன் வந்தது, கடை வாசலில் வரிசை வந்தது, அளந்து கொடுத்த அரிசியில் கல்லும் வந்தது.

ஆச்சி வீட்டில் ஏழு பேர். ஒரு நாளைக்கு உலைக்கு வந்த அரிசி ஒரு நாழி. இதை வைத்துக் கொண்டு அவளுடைய அம்மா என்ன செய்வாள்? தண்ணீரைக் கூட்டுவாள், கஞ்சியாகக் காய்ச்சுவாள். மீதி வயிற்றை மரச்சீனி நிரப்பும்.

மரச்சீனி என்றால் மற்ற ஜில்லாக்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். மரவள்ளிக் கிழங்கைத்தான் சொல்கிறேன். சேலம் பக்கத்தில் குச்சிக் கிழங்கு என்பார்கள். பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்து மேற்குக் கடற்கரையில் இறக்கினார்கள். அதன் பிறகும் நெடுங்காலம் வேலியோரப் பயிராகத்தான் கிடந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் அதை ஊர் ஊராகப் பரப்பியவர். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது, அரண்மனையிலேயே அவித்துப் பரிமாறச் சொன்னார் என்று எங்கள் பக்கத்தில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பயத்துக்குக் காரணம் உண்டு. கிழங்கில் சயனைடை உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. கசப்பு ரகத்தில் அது கூடுதல். அதனால்தான் நம் பெண்கள் துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். எந்தப் புத்தகமும் படிக்காமலே கண்டுபிடித்த பாதுகாப்பு அது.

யுத்த காலத்தில் இந்தக் கிழங்குக்குப் புது மவுசு வந்தது. மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து கொண்டிருந்த ஜவ்வரிசி நின்று போகவே, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்னும் வியாபாரியும் மலேயாவில் அனுபவம் பெற்ற போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நிற்கும் ஆலைகளுக்கெல்லாம் அதுவே ஆரம்பம். ஆனால் பஞ்சம் கடுமையான 1944-ல், ஜனங்கள் உண்ணும் கிழங்கை ஆலைக்குக் கொடுக்கக் கூடாது, ஜில்லாவை விட்டு வெளியே கொண்டு போகவும் கூடாது என்று சேலம் கலெக்டர் தடை போட வேண்டி வந்தது. ஒரே கிழங்குக்கு வயிறும் ஆலையும் போட்டி போட்ட காலம் அது. ஜப்பானியர் பிடியில் இருந்த மலேயாவிலும், தோட்டங்களில் இருந்த நம் தமிழர்கள் சோற்றுக்குப் பதிலாக இந்தக் கிழங்கைத்தான் தின்று உயிரைப் பிடித்துக் கொண்டார்கள்.

இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஆச்சிக்கு ஒரு தம்பி. மூன்று வயது. அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பால் நின்று விட்டது. கஞ்சியில் ஒரு பிடி சிறுபயறு விழுந்த நாளில் அது அடியில் தங்கும். வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் அடியிலிருந்து கோரி ஊற்றுவார்கள். சாளை மீன் வாங்கிய நாளில், முள் தொண்டையில் சிக்கும், எரிப்பும் தாங்காது என்று சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். அவனுக்கு மரச்சீனியைக் குழைய வேக வைத்து, மசித்து, உப்புப் போட்டு ஊட்டினார்கள். மிருதுவான பண்டம், பிள்ளை வயிறு நிறைய உண்கிறானே என்று ஆசையாகத்தான் ஊட்டினார்கள். ஆறு மாதத்தில் அவன் கால் தடித்தது, முகம் உப்பியது. “பய சதை போட்டிருக்கான்” என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களாம். தலைமுடி செம்பட்டையானது. விளையாட்டை விட்டு மூலையில் உட்கார்ந்தான். அந்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது, மூன்றாம் நாள் போய்விட்டான். எழுபது வயதிலும் ஆச்சி இதைச் சொல்லும்போது, “வயிறு நெறஞ்சுதான் மக்களே செத்தான்” என்பாள்.

கல்லூரியில் சத்துணவுப் பாடம் படித்தபோதுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானா நாட்டில், இதே வீக்கத்தைக் கண்டு 1933-ல் எழுதினார். அங்கே அது மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் உண்ட பிள்ளைகளுக்கு வந்தது. அந்த ஊர் ஜனங்கள் அதை “குவாஷியோர்கர்” என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. ஆச்சி வீட்டில் நடந்ததும் அதுவேதான்.

கணக்கைப் பார்ப்போம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில் 345 கலோரி, புரதம் 6.8 கிராம். அதே எடை பச்சை மரச்சீனியில் 157 கலோரி, புரதம் 0.7 கிராம். அரிசி தரும் தெம்பைக் கிழங்கிலிருந்து பெற வேண்டுமானால் இரண்டு மடங்குக்கு மேல் தின்ன வேண்டும். அப்படித் தின்றாலும் புரதம் கால் பங்கு கூட வராது. இப்போது காணத்தைப் பாருங்கள், கொள்ளு என்பீர்களே அதுதான். 100 கிராமில் 22 கிராம் புரதம். சிறுபயற்றில் 24 கிராம். ஒரு வீட்டில் இரண்டு கிலோ மரச்சீனி அவித்தால் அத்தனையிலும் சேர்த்து 14 கிராம் புரதம்தான். அதோடு 100 கிராம் சிறுபயற்றை வேக வைத்தால் 38 கிராம் ஆகிவிடும். உணவைப் பெருக்குவதில் இரண்டு வகை உண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒன்று சட்டியைப் பெருக்கும், மற்றது உடம்பைப் பெருக்கும்.

மரச்சீனி மேல் பழி போட நான் வரவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில், மரவள்ளி சத்தில்லாத உணவு என்று அடித்துப் பேசினேன். ஒரு பெரியம்மா எழுந்து, “நாங்க அதை வெறுமனேயா தின்னுதோம் சாரே? கூட மீன் கறி உண்டும்லா!” என்றார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்த அம்மா சொன்னதுதான் சரி. கிழங்கு தெம்பைத் தரும், மீன் புரதத்தைத் தரும். யுத்த காலத்தைக் கடந்து வந்தவர்களில் பலர் அந்தக் கூட்டைத் தின்றவர்கள். மீன் இல்லாத உள்நாட்டில் அதே வேலையைப் பயறு செய்தது. கஞ்சியும் பயறும் எங்கள் ஜில்லாவில் இன்றைக்கும் நல்ல சாப்பாடு. அரிசியில் லைசின் என்னும் சத்து குறைவு, பயற்றில் அது நிறைய. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக உண்பதைவிட உடம்பில் நன்றாக ஒட்டும்.

காசு செலவில்லாமல் உணவைப் பெருக்கிய இன்னொரு வழியும் அந்த நாளில் இருந்தது. குன்னூரில் ஓர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் இயங்கி வந்தது. 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது அதுதான். அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு என்பவர் 1937-ல் இந்திய உணவுகளின் சத்துகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆந்திரக் கடலோரத்தில் மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் நாட்டாருக்கு ஏன் வரவில்லை? நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அரிசியைப் பல தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் காசு கொடுத்து வாங்கிய சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும். ஆச்சி வீட்டில் வடிகஞ்சி ஒரு சொட்டு வீணானதில்லை. உப்புப் போட்டுக் குடிப்பார்கள். மரச்சீனி வெந்த தண்ணீரை மட்டும் கொட்டுவார்கள். எதைக் கொட்டுவது, எதைக் குடிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யுத்தம் முடிந்தும் ரேஷன் ஓயவில்லை. சென்னை மாகாணத்தில் 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1965-ல் மறுபடியும் தட்டுப்பாடு. திங்கட்கிழமை இரவு ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக் கொண்டார். அமெரிக்கக் கோதுமை வந்தது. பிறகு ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்று நெல் ரகங்கள் வந்தன. அந்தக் கதை உங்களுக்கே தெரியும், உங்கள் வயலில் நடந்த கதைதானே. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்குக் காசும் இல்லை.

அதனால்தான் அந்த அம்மாளின் கேள்வி என்னை விடவில்லை. ஆச்சி வீட்டில் குறைந்தது அரிசி. இன்றைக்கு அரிசி குறையவில்லை, குறைவது பருப்பு. குழம்பில் தண்ணீரைக் கூட்டுகிறோம், சோற்றைக் கூட்டி வயிற்றை நிரப்புகிறோம். 1943-ல் மரச்சீனி இருந்த இடத்தில் இப்போது விலையில்லா அரிசி உட்கார்ந்திருக்கிறது. சட்டி நிறைந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. குழம்பின் தெளிவை எடுத்துச் சின்னப் பிள்ளையின் சோற்றில் ஊற்றும் வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எரிப்புக்குப் பயந்தால், மிளகாய் போடும் முன்பே வெந்த பருப்பை ஒரு கரண்டி எடுத்துத் தனியாக வைத்து விடலாம். ஆச்சியின் அம்மாவுக்கு அன்று யாரும் அதைச் சொல்லவில்லை.

துவரை விலை ஏறியிருந்தால் துவரையைக் கட்டிக் கொண்டு அழ வேண்டியதில்லை. பெரும்பாலும் காணமும் தட்டைப்பயறும் அதைவிட மலிவு. முளை கட்டினால் சீக்கிரம் வேகும், விறகும் மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ் வையுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் வெறும் 10.

மரவள்ளி போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. எச்-226 போன்ற ரகத்தை மூன்றடிக்கு மூன்றடி நட்டு விட்டு, முதல் மூன்று மாதம் நடுவிலே களையைத்தான் வளர்க்கிறோம். இலை மூடுவதற்குள் ஒரு பயறு அறுத்து விடலாம். திருவனந்தபுரத்தில் 1963-ல் ஏற்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறது. குறுகிய காலத் தட்டைப்பயறு, உளுந்து, நிலக்கடலை எதுவானாலும் சரி, கொடி ஓடாத ரகமாகப் பாருங்கள். குச்சி நட்ட கையோடு விதைத்து விடுங்கள். பயறு எடுத்ததும் செடியை அங்கேயே மடக்கி மண் அணையுங்கள். வந்த பயற்றில் முதல் பானையை விற்காமல் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்.